தோணிக்கேற்ற கத்தரிக்கோல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அறிந்தோர்க்கு அவ்விடத்துக் கமத்தொழிலின் இயல்பைப் பற்றி விரித்துக் கூறவேண்டியதில்லை. ஞாயிறு எழுந்திசையில் அமைந்தது எழுவான்கரை. அது படுந்திசையில் அமைந்தது படுவான்கரை. குடிமனைகளிற் பெரும்பாலன எழுவான்கரையிலும், நெல்வயல்களிற் பெரும்பாலன படுவான்கரையிலும் உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கின்றது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் அப்பகுதியிற் போக்குவரத்து இலகுவாயிற்று. எனினும், பாலத்துக்குத் தொலைவிலுள்ள கமக்காரர் பலர் விதைநெல்லையும் பசளையையும் மரக்கறிக் கூடைகளையும் தோணியில் ஏற்றியே வாவியைக் கடக்கின்றனர். வேளாண்மை முடிந்த காலத்தில் அதே தோணியிற் சென்று மீன் பிடிப்போரும் உளர். இத்தகையோர்க்குத் தோணியும் ஒரு கமத்தொழிற் கருவியேயாம்.

ஏர், மண்வெட்டி, தெளிகருவி ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி நாம் அடிக்கடி பேசுகின்றோம். தோணியில் வைத்திருக்கவேண்டிய வெட்டுங்கருவியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வீட்டிற் கழித்துவிட்ட ஒரு கத்தரிக்கோலோ, துருவேறிய ஒரு கத்தியோ அணியத்தின் கீழே கிடப்பதே வழக்கம். முன்னர்த் தோணிகளில் தும்புக் கயிறே இருந்தது. அதனை எக்கத்தியாலும் வெட்டலாம். இன்று தோணி கட்டுவதற்கும், நங்கூரம் இடுவதற்கும், மூட்டைகளைப் பிணிப்பதற்கும், வலைக்கும் பயன்படுவன யாவும் செயற்கை நார்க் கயிறுகளே. அவை உக்குவதில்லை, இலகுவில் அறுவதுமில்லை. இக்குணங்கள் நமக்கு நன்மை தருவன. ஆயின் கயிற்றை உடனே வெட்டியாகவேண்டிய நிலை ஏற்படும்போது அந்நன்மையே தீமையாக மாறிவிடும்.

ஒரு மாசி மாத அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பெரும்போக அறுவடை நடைபெற்றுக்கொண்டிருந்த காலத்தில், படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்குச் சென்ற ஒரு தோணியில் நானும் இருந்தேன். தோணிக்குரிய கமக்காரர் பன்னிரண்டு மூட்டை நெல் ஏற்றியிருந்தார். அவற்றுள் நான்கு மூட்டைகள் சிறுபோகத்துக்கென அவர் தனியே பிரித்து, களைநெல் அகற்றி, நன்கு காயவைத்துக் கட்டிய விதைநெல்லாகும். தோணியின் பின்புறத்தில் ஒரு சிறு இயந்திரம் பூட்டப்பட்டிருந்தது. வாடைக்காற்று எதிரே வீசிற்று.

நடுவாவியை அண்மித்தபோது இயந்திரம் முனகி நின்றுவிட்டது. எங்கிருந்தோ மிதந்து வந்த பழைய பச்சைக் கயிறொன்று விசிறியிற் சுற்றி, அச்சோடு இறுகிப் போயிருந்தது. இயந்திரம் நின்றதும் தோணி திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே கிடந்தது. அலை பக்கவாட்டில் அடித்து உள்ளே தெறித்தது. அவர் இயந்திரத்தைத் தூக்கி, என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார். நான் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். பயிர்க்கொடி கட்டும் நூலை வெட்டுவதற்கென நான் வயல்விழாக்களுக்குக் கொண்டுசெல்லும் பளபளப்பான கத்தரிக்கோல் அது. அவர் அழுத்தினார், கயிறு வெட்டுப்படவில்லை. அது இரண்டு அலகுகளுக்கும் இடையே மடிந்து நுழைந்துகொண்டது. மேலும் அழுத்தவே தறையாணி இளகி, அலகுகள் விலகி, ஓர் அலகின் நுனி முறிந்து நீரில் விழுந்தது.

கடைசியில் அவர் மூட்டைகளின் மேற் செருகியிருந்த தாக்கத்தியை எடுத்து அறுத்தார். கயிறு அறுந்தது. ஆயின் அலையில் தோணி ஆடியபோது வளைந்த வாய் வழுவி அவருடைய இடக்கையின் பெருவிரலடியை ஆழமாகக் கிழித்துவிட்டது. அதற்குள் தோணியின் அடியில் நீர் கணுக்கால் அளவு நின்றது. அடியிற் கிடந்தவை விதைநெல் மூட்டைகளே. காய்ந்த விதைநெல் நனைந்தால் நேர்வது யாதென்று நமக்குத் தெரியும். கையிற் கட்டோடு அவர் அவற்றைக் காயவைக்குமுன்னரே இரண்டு மூட்டைகளில் முளை கிளம்பிவிட்டது. மற்றையவை நெல்லாகக் குத்தப்பட்டன. அச்சிறுபோகத்துக்கு அவர் விதைநெல் வாங்க நேர்ந்தது.

பொருந்தாத கருவியை அவர் கையிற் கொடுத்தவன் நானே. ஆதலின் இவ்விடயத்தை ஆராய்ந்து எழுதுதல் என் கடமையெனக் கருதினேன்.

கயிற்றை அறிதல்

கத்தரிக்கோலைத் தெரிவு செய்யுமுன் எவ்வகைக் கயிற்றை வெட்டவேண்டுமென்பதை அறிதல் வேண்டும். தோணிகளிற் காணப்படும் செயற்கைக் கயிறுகள் பெரும்பாலும் பின்வரும் வகைகளுள் அடங்கும்.

நைலோன்: 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டுபோன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வோலசு கரோதர்சு என்பாரின் குழுவினராற் கண்டுபிடிக்கப்பட்டது. இது நீரில் அமிழும். மிகவும் நீண்டு கொடுக்கும். அறுமுன்னர்த் தன் நீளத்திற் காற்பங்கிற்கு மேலும் நீளவல்லது. ஆதலின் நங்கூரக் கயிறாகப் பயன்படுகின்றது.

பொலிப்புரொப்பிலீன்: இத்தாலி நாட்டு அறிஞர் ஜியூலியோ நற்றா 1954ஆம் ஆண்டில் ஆக்கிய பொருளிலிருந்து வந்தது. பச்சை, நீலம், மஞ்சள் முதலிய நிறங்களில் மலிவாக விற்கப்படும் கயிறுகள் பல இவ்வகையின. மாடு கட்டுவதற்கும் பந்தல் இழுத்துக் கட்டுவதற்கும் நாம் வாங்குவதும் பெரும்பாலும் இதுவே. இது நீரில் மிதக்கும். வெயிலில் நெடுநாட் கிடந்தால் நார்கள் நொறுங்கும். ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகிவிடும். விசிறியின் அச்சிற் சுற்றிய கயிறு உராய்வுச் சூட்டினால் உருகிக் கட்டியாகிவிடுதற்குக் காரணம் இதுவே.

பொலியெதிலீன்: தொடுவதற்கு மெழுகு போன்றது, இதுவும் மிதக்கும். வலைக் கயிறுகளிற் பரவலாக உண்டு.

பொலியெசுத்தர்: நீரில் அமிழும், நைலோனைப் போல நீளாது, வெயிலை நன்கு தாங்கும்.

இவையன்றிப் பின்னிய தூண்டில் நூல்களில் மிகவுயர் மூலக்கூற்று நிறையுடைய பொலியெதிலீன் என்னும் நார் பயன்படுகின்றது. இது நிறைக்கு நிறை உருக்குக் கம்பியிலும் பன்மடங்கு வலிமையுடையது, மிக வழுக்குவது. சாதாரணக் கத்தரிக்கோலுக்கு இது சிறிதும் அடங்காது.

கையிலுள்ள கயிறு எதுவென ஐயமுண்டாயின் விரலளவு துண்டொன்றை வாளி நீரில் இட்டு அமிழ்த்தி விடுக. மிதந்தால் அது விசிறியிற் சிக்கக்கூடிய வகை. மிதக்கும் கயிற்றைத் தோணியின் பின்புறத்தில் நீருக்குள் தொங்கவிடுதல் கூடாது.

சாதாரணக் கத்தரிக்கோல் ஏன் தோற்கின்றது?

தாக்கத்தியின் வாயை விரலால் தடவிப் பார்த்தவர்க்கு இவ்வினாவின் விடை ஏற்கெனவே தெரியும். நெற்றாள் வழுக்குந் தன்மையது. மழுங்கிய கத்தியால் இழுத்தால் தாள் வாயில் வழுக்கி ஓடுமேயன்றி அறாது. அதனாலேயே நம் முன்னோர் தாக்கத்தியின் வாயில் நுண்ணிய பற்களை வெட்டினர். ஒவ்வொரு பல்லும் சில தாள்களைப் பற்றிக்கொள்ள, மற்றைய பற்கள் அறுக்கின்றன.

செயற்கை நாரும் அவ்வாறே வழுக்குவது. துணி வெட்டும் கத்தரிக்கோலின் அலகுகள் மழமழப்பானவை. அவற்றிடையே அகப்பட்ட கயிறு வெட்டுப்படுமுன் நுனியை நோக்கி நழுவுகின்றது. நுனியிலோ விசை மிகக் குறைவு. மேலும், தடித்த கயிறு இரு அலகுகளையும் பக்கவாட்டில் தள்ளுகின்றது. மெல்லிய தகட்டாற் செய்த அலகுகள் அத்தள்ளலைத் தாங்கமாட்டாமல் விலகுகின்றன. விலகிய இடைவெளியிற் கயிறு மடிந்து புகுந்துகொள்கின்றது. பின்னர் எவ்வளவு அழுத்தினும் பயனில்லை, தறையாணியே கெடும். அன்று என் கத்தரிக்கோலுக்கு நேர்ந்ததும் இதுவே.

ஆகவே நாம் தேடவேண்டிய கத்தரிக்கோல் மூன்று காரியங்களைச் செய்தல் வேண்டும். அது கயிற்றை நழுவவிடாது பற்றவேண்டும், அலகுகள் விலகாதிருக்கவேண்டும், ஈரக்கையால் அழுத்தும் விசையைப் பெருக்கித் தரவேண்டும்.

தெரிவு செய்யும்போது கவனிக்கவேண்டியவை

1. அலகின் வாய்: ஓர் அலகு நுண்ணிய பற்களுடையதாகவும் மற்றையது மழமழப்பாகவும் கூராகவும் இருத்தல் நன்று. பற்களுள்ள அலகு கயிற்றைப் பிடிக்க, கூரிய அலகு வெட்டும். பற்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்குமளவு நுண்ணியனவாயிருத்தல் போதுமானது. இரு அலகுகளிலும் பெரும்பற்கள் உள்ளவை கயிற்றை மென்று பிய்த்துவிடும்.

2. அலகின் நீளமும் கைப்பிடியின் நீளமும்: இதனை நெம்புகோலைக் கொண்டு விளக்கலாம். கத்தரிக்கோலின் அச்சாணியிலிருந்து கை 5 அங்குலத் தொலைவில் அழுத்துகின்றதெனக் கொள்வோம். கயிறு அச்சாணியிலிருந்து 1 அங்குலத்தில் இருப்பின் கையின் விசை ஐந்து மடங்காகும். அதே கயிறு 2½ அங்குலத்தில் இருப்பின் இரண்டு மடங்கே. கை 10 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையைத் தந்தால், முதலாவதில் 50 கிலோகிராமும் இரண்டாவதில் 20 கிலோகிராமுமே கயிற்றிற் படும். எனவே குறுகிய அலகும் நீண்ட கைப்பிடியும் உள்ளதையே வாங்குக. மொத்த நீளம் 8 அங்குலத்துக்குக் குறையாமலும், அலகு 2½ அங்குலத்துக்கு மேற்படாமலும் இருத்தல் தோணிக்குப் பொருத்தமானது. வெட்டும்போதும் கயிற்றை அச்சாணிக்கு அருகில் வைத்தே வெட்டுக.

3. அலகின் தடிப்பு: பக்கத்திலிருந்து அழுத்தினால் வளையாத தடித்த அலகு வேண்டும். நாணயத் தடிப்புக்கும் குறைந்த தகட்டலகு தையலுக்கே உரியது.

4. அச்சாணி: தறைந்து இறுக்கப்பட்ட ஆணியிலும், திருகி இறுக்கக்கூடிய சுரையாணி சிறந்தது. இளகியபோது தோணியிலேயே இறுக்கிக்கொள்ளலாம். அலகு துருப்பிடியா உருக்காயிருந்தும் ஆணி சாதாரண இரும்பாயிருக்கும் கத்தரிக்கோல்கள் உண்டு. வாவியின் உவர்நீரில் ஆணி முதலில் துருவேறி, முழுக் கருவியும் அசையாது இறுகிவிடும். ஆணியையும் உற்று நோக்குக.

5. உருக்கு: கரிச்செறிவு மிக்க உருக்கு நெடுநாட் கூராயிருக்கும், ஆயின் உவர்நீரில் ஓரிரவிலேயே துருவேறும். துருப்பிடியா உருக்குச் சற்று விரைவில் மழுங்கினும் தோணிக்கு அதுவே ஏற்றது. காந்தம் ஒட்டினால் துருப்பிடிக்கும் இரும்பென்று சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. வெட்டும் அலகுகளுக்கு ஏற்ற துருப்பிடியா உருக்கு, சூடாக்கி வன்மையேற்றக்கூடிய வகையைச் சேர்ந்தது. அதனைக் காந்தம் கவரும். சமையற் பாத்திரங்களுக்குப் பெரிதும் பயன்படும் வகையைக் காந்தம் கவர்வதில்லை. ஆயின் அவ்வகை, சூடாக்கி வன்மையேற்ற முடியாததாதலின் அதிற் கூர் நிலைக்காது. எனவே காந்தம் ஒட்டும் துருப்பிடியா அலகைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

6. கைப்பிடி: நான்கு விரல்களும் புகக்கூடிய பெரிய வளையம் வேண்டும். சேறும் மீன்நெய்யும் பட்ட கையிலும் வழுக்காத சொரசொரப்பு இருத்தல் நன்று. செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறப் பிடி, சேற்று நீர் நிற்கும் தோணியடியிலும் உடனே கண்ணிற் படும். இடக்கைப் பழக்கமுடையோர் இடக்கைக்கென அமைந்ததையே வாங்குதல் வேண்டும். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையாற் பிடித்தழுத்தினால் அலகுகள் நெருங்குவதற்குப் பதிலாக விலகும்.

7. நுனி: ஆடும் தோணியிற் கூர்நுனி ஆபத்தானது. கயிற்றுக்கும் மனித உடலுக்கும் இடையே நுழைத்து வெட்டவேண்டிய வேளையும் வரலாம். மழுங்கிய, உருண்ட நுனியுள்ளதையே தெரிவு செய்க.

கடையிற் செய்யும் சோதனை

கருவி வாங்கச் செல்லும்போது தோணியிலுள்ள கயிற்றில் ஒரு முழத் துண்டை நனைத்துக் கையோடு கொண்டு செல்க. கடைக்காரரின் சம்மதத்துடன் அதனை வெட்டிப் பார்க்க. காய்ந்த காகிதத்தை வெட்டிக் காட்டுவதால் நமக்கு யாதும் விளங்காது.

முதலிற் கயிற்றை அச்சாணிக்கு அருகில் வைத்து வெட்டுக. பின்னர்க் கயிற்றின் ஒரு புரியை மட்டும் பிரித்து அலகின் நுனியில் வைத்து வெட்டுக. நுனியில் அது மடியாமல் வெட்டுப்பட்டால் அலகுகள் நன்கு பொருந்தியுள்ளன என்க. அடுத்துக் கத்தரிக்கோலை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பக்கவாட்டிற் பார்க்க. அலகுகளின் நடுவே மெல்லிய இடைவெளி தெரிந்து நுனியில் மட்டும் தொட்டிருத்தல் சரியான அமைப்பு. நுனியில் வெளிச்சம் தெரிந்தால் அது வேண்டாம். கடைசியாக, அலகுகளைப் பாதி திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. ஆணியில் ஆட்டம் இருப்பின் அதனை விட்டுவிடுக.

ஏற்கெனவே வீட்டிலுள்ள கருவிகள் சில உதவுமா என்பதையும் கூறுதல் வேண்டும். முதலுதவிப் பெட்டியில் வரும் வளைந்த, மழுங்குநுனிக் கத்தரி மலிவானது, பற்களுமுடையது. மெல்லிய கயிற்றுக்கும், உடலிற் சிக்கிய வலைக்கும் அது நன்று. தடித்த கயிற்றை அதனால் வெட்ட இயலாது. பழமரக் கிளை கத்தரிக்கும் கைக்கத்தரிகளில், ஓர் அலகு மற்றையதைக் கடந்து செல்லும் வகை கயிற்றை வெட்டும். ஆயின் உவர்நீர் பட்டால் அதன் சுருள்வில் விரைவிற் கெடும். ஓர் அலகு தட்டையான அடித்தளத்தில் மோதும் வகை, கயிற்றை நசுக்குமேயன்றி வெட்டாது.

தளர்ந்த கயிற்றுக்குக் கத்தரிக்கோல். இறுகிய கயிற்றுக்குக் கத்தி

இவ்வேறுபாட்டை ஒவ்வொருவரும் மனத்திற் பதித்தல் வேண்டும். எவ்வளவு நல்ல கத்தரிக்கோலும் தளர்ந்த கயிறு, மூட்டைக்கட்டு, விசிறியிற் சுற்றிய கயிறு ஆகியவற்றுக்கே உரியது. இழுவிசையில் முறுகி நிற்கும் கயிற்றுக்கு, அலகை விரித்து நுழைத்து அழுத்துவதற்கு நேரமிராது. அதற்குப் பற்களுள்ள நேரான வாயும் மழுங்கிய நுனியும் உடைய, மடங்காத கத்தியே வேண்டும். இறுகிய கயிற்றின் மேல் அதனை ஒருமுறை இழுத்தால் கயிறு தானே அறுந்துவிடும். வளைந்த தாக்கத்தி நெல்லுக்கு மிகச் சிறந்தது. ஆயினும் ஆடும் தோணியில் அதன் நுனி எங்கே செல்லுமென்று கூறவியலாது. நான் கண்ட அக்காயமே சான்று.

நங்கூரம் இடும்போது காலிற் கயிறு சுற்றிக்கொள்ளுதலே தோணியில் நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்து. அவ்வேளையில் நீருள் இழுக்கப்படுபவர் தோணிக்குள் இருக்கும் கருவியை எட்டமாட்டார். ஆகவே கத்தியை உறையிலிட்டு அரையில் அணிந்திருத்தல் வேண்டும். எந்தக் கையாலும் எடுக்கத்தக்க இடத்தில் அஃது இருக்கட்டும். கத்தரிக்கோலை ஒரு பாக நீளக் கயிற்றாலே தோணியின் பலகையோடு கட்டிவைக்க. நீரில் விழுந்தாலும் மீண்டும் இழுத்தெடுக்கலாம்.

இறுகிய நைலோன் கயிற்றை வெட்டும்போது அதன் நேர்க்கோட்டில் நிற்றல் கூடாது. நீண்டு நின்ற கயிறு அறுந்ததும் மிக்க விசையோடு பின்னோக்கிப் பாயும். பக்கத்தில் ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பி வெட்டுக. இயலுமாயின் முதலிற் பாரத்தைக் குறைத்துக் கயிற்றைத் தளர்த்துதலே நலம்.

வெட்டும் முறை

விசிறியிற் கயிறு சுற்றினால் முதலில் இயந்திரத்தை நிறுத்துக. பாதுகாப்பு நாடாவைக் கழற்றிவிடுக. இயங்குபல்லை நடுநிலைக்குக் கொண்டுவருக. இவை செய்யாமல் விசிறியிற் கை வைத்தலாகாது. தோணி ஆழமற்ற இடத்தில் நிற்குமாயின் கோலை ஊன்றியோ நங்கூரமிட்டோ முன்புறத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிக்கொள்க. பக்கவாட்டில் அலை வாங்கிக்கொண்டு வெட்டத் தொடங்கியதே அன்று நாங்கள் செய்த முதற் பிழை.

அதன்பின் இயந்திரத்தைத் தூக்கி, கயிற்றின் தலைப்பைத் தேடுக. கயிறு சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் விசிறியைக் கையாற் சுழற்றினால் பல சுற்றுகள் வெட்டாமலே கழன்றுவிடும். உருகி இறுகிய சுற்றுகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டுக. அச்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தடை வளையத்தில் அலகு படக்கூடாது. கரைக்கு வந்த பின்னர் விசிறியைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பார்க்க. மெல்லிய நூல் அங்கே ஒளிந்திருந்து தடை வளையத்தை அறுக்கும்; எண்ணெய் கசிந்து, நீர் உட்புகுந்து, பற்சில்லுகள் பழுதாகும்.

புதிய கயிற்றைத் துண்டிடும்போது வெட்டவிருக்கும் இடத்தை ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றி, அதன் நடுவே வெட்டுக. முனைகள் பிரியமாட்டா. 8 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட முப்புரிக் கயிற்றைச் சற்றே முறுக்கவிழ்த்துப் புரி புரியாக வெட்டுதல் கைக்கும் கருவிக்கும் இலகு. வெட்டிய முனையைச் சுடரில் உருக்கி ஒட்டும் வழக்கம் உண்டு. அதனைக் கரையில், பெற்றோலும் மண்ணெண்ணெயும் இல்லாத இடத்திலேயே செய்தல் வேண்டும். உருகிச் சொட்டும் துளி தோலில் ஒட்டி ஆழமாகச் சுடும். விரலால் அழுத்தித் திரட்டுதல் கூடாது. நூலாற் சுற்றி இறுகக் கட்டிவிடுதல் இதனிலும் பாதுகாப்பானது.

வெட்டிய துண்டுகளை வாவியிலோ வயல்வரம்பிலோ எறியாதீர்கள். வாவியில் எறிந்தது இன்னொருவரின் விசிறியிற் சிக்கும். வயலில் எறிந்தது இருசில்லு உழவு இயந்திரத்தின் சுழல்கலப்பை அச்சிற் சுற்றி, அங்கும் அதே தடை வளையத்தைக் கெடுக்கும். மாடுகள் தின்றால் குடலிற் சிக்கும். துண்டுகளையிட ஒரு சாக்கைத் தோணியில் வைத்திருங்கள். நம்மைத் தடுத்து நிறுத்திய அப்பச்சைக் கயிறும் எவரோ எறிந்துவிட்டதுதான்.

பேணும் முறை

வாவியிலிருந்து திரும்பியதும் கத்தரிக்கோலைக் கிணற்று நீரில் விரித்துக் கழுவித் துடைத்துக் காயவைக்க. அச்சாணியில் ஒரு துளி இயந்திர எண்ணெய் விடுக. தேங்காயெண்ணெய் நாட்செல்லப் பிசினாக மாறி அழுக்கைச் சேர்க்குமாதலின் அது வேண்டாம். பசளை மூட்டையோடு கருவியை வைத்தலாகாது. பொட்டாசுப் பசளையிலுள்ள குளோரைட்டு, உவர்நீரைப் போலவே உருக்கை அரிக்கும்.

தீட்டும்போது மழமழப்பான அலகின் சரிந்த ஓரத்தை மட்டும் தீட்டுக. அலகுகள் ஒன்றோடொன்று உராயும் உட்பக்கத்தைத் தேய்த்தால் பொருத்தம் கெடும். பற்களுள்ள அலகைச் சாணைச் சில்லில் வைத்தால் பற்கள் அழிந்துவிடும். தூரிகையால் துப்புரவு செய்தாற் போதும். மாதம் ஒருமுறை ஈரக்கயிற்றுத் துண்டொன்றை வெட்டிச் சோதித்துக் கொள்க. இடருற்ற வேளையிலேயே அலகு மழுங்கியதை அறிதல் அறிவுடைமையாகாது.

முடிவாக

நல்ல கத்தரிக்கோலொன்றின் விலையையும், நனைந்து முளைத்துப்போன இரண்டு மூட்டை விதைநெல்லின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது இலாபமென்பது விளங்கும். விரலுக்கும் உயிருக்கும் விலை கூறுதல் இயலாது. நுண்ணிய பற்கள், குறுகிய தடித்த அலகு, நீண்ட பிடி, இறுக்கத்தக்க துருப்பிடியா ஆணி, மழுங்கிய நுனி ஆகிய ஐந்தையும் நினைவிற் கொண்டு வாங்குங்கள். அதனோடு அரையில் ஒரு கத்தியையும் அணியுங்கள்.

அக்கமக்காரரின் தோணியில் அண்மையில் மீண்டும் ஏறினேன். பலகையின் கீழே சிவப்புப் பிடியுள்ள கத்தரிக்கோலொன்று கட்டித் தொங்கிற்று. விதைநெல் மூட்டைகள் அடியில் அன்றி, மரச்சட்டத்தின் மேல், தார்ப்பாயால் மூடப்பட்டிருந்தன. பெருவிரலடியிலிருந்த தழும்பைக் காட்டி அவர் சிரித்தார். அடுத்த போகத்துக்கு விதைநெல் ஏற்றுமுன்னர் உங்கள் தோணியிலுள்ள வெட்டுங்கருவியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஐயமுண்டாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கயிற்றுத் துண்டோடு வாருங்கள்.